கைக்கேற்ற துப்பாக்கி

மாதவரம் ரவுண்டானாவில் விடியும் முன்பே லாரி ஹாரன்கள் தொடங்கிவிடுகின்றன. ஆந்திராவிலிருந்து ஜி.என்.டி. சாலை வழியே இறங்கும் சரக்கு இங்கேதான் கிளை பிரிகிறது. ஒரு பங்கு மணலித் தொழிற்சாலைகளுக்கு, ஒரு பங்கு துறைமுகத்துக்கு, மிச்சம் நகருக்குள். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர் இது. 2018-இல் ஆந்திரப் பேருந்துகளுக்கென்று பெரிய நிலையம் வந்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஒரு பக்கம் பால் பண்ணையின் பழைய மரங்கள். மறுபக்கம் கன்டெய்னர் யார்டுகள்.

பணமும் எண்ணெயும் சரக்கும் இரவு பகலாக நகரும் இந்த வட்டாரத்தில், துப்பாக்கி ஏந்திய காவலர்களைப் பார்க்காமல் ஒரு நாள் கழியாது. ஆலை வாசலில் மத்தியப் படை வீரர், ரோந்து ஜீப்பில் இன்ஸ்பெக்டர், சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மஃப்டியில் நிற்கும் தனிப்படைக்காரர். இவர்கள் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் 9 எம்.எம். பிஸ்டல். உலகெங்கும் இந்த வகைப் பிஸ்டலை ஒரே அச்சில் இரண்டு அளவுகளில் செய்கிறார்கள்: முழு அளவு ஒன்று, அதையே வெட்டிக் குறுக்கிய காம்பாக்ட் ஒன்று. ஒரு காவல்துறை எந்த அளவை வாங்குகிறது என்பது இருபது முப்பது ஆண்டுகளுக்கான முடிவு. அதை இடுப்பில் கட்டப்போகும் காவலரின் உயிரும், எதிரே தெருவில் நடந்துபோகும் நம் உயிரும் அந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் மாதவரத்திலிருந்து மணலி, திருவொற்றியூர் வழியாக எழும்பூர் காவல் அருங்காட்சியகம் வரை, யாருக்கு எந்த அளவு என்ற கேள்வியோடு போய்வர நினைத்தேன்.

துணைக்கு வந்தவர் பால் பண்ணைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர். ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவர். பழுதான துப்பாக்கியைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் பூசி, எண் சரிபார்த்து, பெல் ஆஃப் ஆர்ம்ஸில் அடுக்கி வைப்பதே அவருடைய வாழ்க்கையாக இருந்திருக்கிறது. ஆயுதக் கிடங்கை இன்றும் போலீஸ்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முதல் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

“தம்பி, செமி ஆட்டோமேட்டிக்னா தானா சுட்டுக்கிட்டே இருக்கும்னு நெனைக்காதீங்க. ஒரு அழுத்து, ஒரு குண்டு. அடுத்த குண்டு வேணும்னா விரலை விட்டுட்டு மறுபடி அழுத்தணும்.”

ட்ரிகரை அழுத்தியதும் குண்டு முன்னால் போகிறது. அந்த வெடிப்பின் எதிர்விசையில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. காலி உறையை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டை, அதாவது தோட்டாவை, பேரலின் பின்முனையான சேம்பருக்குள் ஏற்றிக்கொள்கிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பிஸ்டலைக் குறுக்க வேண்டுமானால் இரண்டே இடங்களில்தான் கத்தி வைக்க முடியும். ஒன்று பேரலும் ஸ்லைடும், மற்றது கைப்பிடி. முன்னதைக் குறைத்தால் நீளம் குறையும். பின்னதைக் குறைத்தால் உயரம் குறையும். மேகசினில் அடங்கும் ரவுண்டுகளும் குறையும்.

அளவுகளைச் சொல்ல, உலகம் நன்கு அறிந்த உதாரணம் ஆஸ்திரியாவின் கிளாக். கேஸ்டன் கிளாக் வடிவமைத்த முழு அளவு கிளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றது. அதைக் குறுக்கிய கிளாக் 19, 1988-இல் வந்தது. பெரியதன் பேரல் 114 மில்லிமீட்டர், சின்னதன் பேரல் 102. பெரியதில் 17 ரவுண்டு, சின்னதில் 15. கைப்பிடியின் உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். எடையில் ஏறக்குறைய 35 கிராம். காகிதத்தில் பார்த்தால் அற்பமான கணக்கு. ஆனால் மாதவரத்திலிருந்து எழும்பூர் போகும் வழி முழுக்க நாங்கள் பேசியது இந்த ஒரு சென்டிமீட்டரைப் பற்றித்தான்.

மணலியில் இறங்கினோம். சென்னைப் பெட்ரோலியம் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆனாலும் கண்டக்டர்கள் இன்னும் ‘எம்.ஆர்.எல்.’ என்றே குரல் கொடுக்கிறார்கள். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-இல் உருவான நிறுவனம். அதன் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே சாலையின் எதிர்ப்புறம் நின்றோம். வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் காவல். அப்படிப்பட்ட இடத்தில் படம் எடுக்கக்கூடாது. அதிக நேரம் நிற்பதும் நல்லதில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இந்த வாசல்ல நிக்கிறவருக்கு எதுக்குச் சின்னத் துப்பாக்கி? மறைக்க வேண்டிய அவசியமே இல்லையே. எல்லாரும் பாக்கணும்னுதானே நிக்கிறார்.”

சீருடைக் காவலுக்கு முழு அளவு ஏன் பொருந்துகிறது என்பதை அந்த ஒரு பேச்சு விளக்கிவிட்டது. ஆயுதம் வெளியே ஹோல்ஸ்டரில் இருக்கிறது. அதைப் பார்த்தே பாதிப் பிரச்சினை விலகிப்போகும். எடுக்க வேண்டி வந்தால் இரண்டு கையாலும் பிடிக்க இடம் இருக்கிறது. கைப்பிடி நீளமாக இருப்பதால் சுண்டுவிரலும் அதில் அமர்கிறது. சுண்டுவிரல் அமரும்போது மணிக்கட்டு உறுதியாகிறது. மணிக்கட்டு உறுதியானால் சுட்டதும் மேலே எகிறும் முனை சீக்கிரம் பழைய இடத்துக்கு வருகிறது. எடை கூடுதலாக இருப்பதும் இங்கே நன்மைதான். எதிர்விசையில் ஒரு பங்கை அந்த எடை விழுங்கிக்கொள்கிறது.

நீண்ட பேரல் இருந்தால் குறி நேராகும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. பேரல் 12 மில்லிமீட்டர் குறைவதால் குண்டின் வேகம் மிகக் கொஞ்சமே குறைகிறது. தெருவில் நேரக்கூடிய தூரங்களுக்கு அது கணக்கிலேயே வராது. முக்கியமானது முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள நீளம். கிளாக் 17-இல் அது 165 மில்லிமீட்டர், 19-இல் 152. குறி பார்க்கும்போது கண்ணும் கையும் ஒரு மில்லிமீட்டர் தவறினால், 25 மீட்டரில் பெரிய துப்பாக்கியின் குண்டு 152 மில்லிமீட்டர் விலகும். சின்னதன் குண்டு 164 மில்லிமீட்டர் விலகும். 7 மீட்டரில் 42-க்கும் 46-க்கும் உள்ள வித்தியாசம். அளவு மாறியதால் வரும் பிழை, பயிற்சி இல்லாத கையால் வரும் பிழைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஒரு மில்லிமீட்டர் தவறு எங்கே முடியும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது: ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி. கூட்டமான தெருவில் அந்த ஒரு சாணில் இன்னொரு மனிதர் நின்றுகொண்டிருப்பார்.

மணலியிலிருந்து திருவொற்றியூர் போக பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் காற்று மாறுகிறது. ரசாயன நெடி பின்தங்கி உப்புக் காற்று முகத்தில் அறைகிறது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய ஊர் திருவொற்றியூர். அந்த வண்டிக்கும் துப்பாக்கிக்கும் பூர்விக உறவு உண்டு. இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்து கொடுத்த நிறுவனம், அந்த ஊரின் பெயரைத் தன் சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் சூட்டிக்கொண்டது. அதனால்தான் அதன் பழைய சின்னத்தில் பீரங்கி இருக்கிறது. நம் காவலர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்த .303 ரைபிளும் அதே என்ஃபீல்டு பரம்பரைதான்.

கடற்கரைக் காற்று துப்பாக்கிக்குப் பெரிய எதிரி. பெரியவர் எண்ணூர்ப் பக்கத்துப் பணிகளை நினைவுகூர்ந்தார். படகில் ரோந்து போய்த் திரும்பும் காவலரின் பிஸ்டலை அன்றைக்கே பிரித்துத் துடைக்காவிட்டால் மறுநாள் செம்மண் நிறத்தில் பூத்திருக்குமாம். உடம்போடு ஒட்டி மறைத்து வைக்கும் சின்னத் துப்பாக்கிக்கு இதைவிட மோசம். கடற்காற்றோடு வேர்வையும் சேர்கிறது. சென்னை வெயிலில் ஒரு மணி நேரம் சட்டைக்குள் இருந்த துப்பாக்கி நனைந்த துணிபோல இருக்கும் என்றார். இன்றைய பிஸ்டல்களின் பாலிமர் உடல் துரு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங் எல்லாம் எஃகு. கண்ணுக்குத் தெரியாத துரு மேகசின் ஸ்பிரிங்கில் ஏறினால், தேவைப்படும் நொடியில் இரண்டாவது ரவுண்டு மேலே வராது.

“சின்னது எடுக்கிறவங்க சின்ன வேலைன்னு நெனைக்கிறாங்க. உண்மையில பராமரிப்பு ரெண்டு மடங்கு” என்றார்.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினோம். விம்கோ நகர் வரை இந்தப் பாதை 2021 பிப்ரவரியில் நீண்டது. காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று நிலையங்கள் கடந்தன. பெட்டி நிரம்பியது. மீன் கூடையை இறக்கிவிட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய். நெரிசலைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்டார்: “இந்தக் கூட்டத்துல ஒரு குற்றவாளியப் பின்தொடர்ற போலீஸ்காரர், முழு அளவு துப்பாக்கிய எங்க வைப்பார்?”

காம்பாக்டின் நியாயம் இங்கே தொடங்குகிறது. குளிர்நாட்டுப் போலீஸ்காரருக்குக் கோட்டு இருக்கிறது. நம் ஊரில் மஃப்டி என்றால் அரைக்கைச் சட்டைதான். சட்டைக்கு வெளியே புடைத்துக் காட்டிக்கொடுப்பது பேரலின் நீளம் என்று நினைப்போம். பேரல் கால்சட்டைக்குள் இறங்கிவிடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடி. குனிந்தால், உட்கார்ந்தால், கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடித்தால் அந்தக் கைப்பிடியின் முனை துணியைத் தள்ளிக்கொண்டு தெரியும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அது மறைந்துவிடுகிறது. ஜீப்பிலும் காரிலும் மணிக்கணக்கில் உட்காருபவர்களுக்குப் பேரலின் நீளமும் தொந்தரவு; இருக்கையில் இடித்து ஹோல்ஸ்டரை மேலே தள்ளும். இடுப்பில் உறுத்தும் ஆயுதத்தை மனிதர் டிராயரில் வைத்துவிட்டுப் போவார். கையோடு இல்லாத துப்பாக்கியைவிட ஆபத்தானது வேறில்லை என்பது பெரியவரின் கணிப்பு. யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாதல்லவா?

மறைக்கக்கூடிய பிஸ்டல் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒருமுறை பெரிய தடம் பதித்திருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரௌனிங் வகை செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலால். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட அந்த வகைக் கைத்துப்பாக்கிகள் அப்போது புத்தம் புதிய தொழில்நுட்பம். கோட்டுப் பைக்குள் அடங்குவது, சத்தமில்லாமல் ரயில் பெட்டி வரை கொண்டுபோகக் கூடியது. அன்றைய போலீஸ் கையில் இருந்த ரிவால்வர்கள் அவற்றைவிடப் பருமனானவை. அந்த நிகழ்வை எப்படி மதிப்பிட்டாலும் ஒன்று தெளிவு: ஆயுதத்தின் அளவு குறையக் குறைய, அது இருப்பது பிறருக்குத் தெரியாமல் போகிறது. சின்னத் துப்பாக்கிக்கு வலிமை தருவது அந்த மறைவு. அதை ஏந்துபவர் மீது கூடுதல் பொறுப்பை ஏற்றுவதும் அதே மறைவுதான்.

சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கினோம். பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் இன்று தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம். அருணகிரி முதலியாருக்குச் சொந்தமாக இருந்த இந்தக் கட்டடத்தை 1842-இல் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1856-இல் 21,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். செங்கல் நிறச் சுவர்கள், உயரமான கூரை, மர மாடிப்படி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரின் குற்றமும் நீதியும் ஏறி இறங்கிய படிகள்.

ஆயுதங்கள் வைத்திருக்கும் பகுதியில் பெரியவர் நெடுநேரம் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ரைபிள்களையும் ரிவால்வர்களையும் பார்த்துக்கொண்டே இந்தியக் காவல்துறையின் கைத்துப்பாக்கி வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். முதலில் ஆறு குண்டு ரிவால்வர்கள். பிறகு இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’. இது 1935-இல் பெல்ஜியத்தில் வந்த பிரௌனிங் ஹை பவரின் வழித்தோன்றல். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் இங்லிஸ் நிறுவனம் அந்தப் பிஸ்டலைச் செய்தது. இந்தியப் பிஸ்டல் அந்த வார்ப்பைப் பின்பற்றியது. 13 ரவுண்டு, 118 மில்லிமீட்டர் பேரல், முழுக்க எஃகு. சுமார் ஒரு கிலோ.

“இதுதான் எங்களுக்கு எல்லாம். இன்ஸ்பெக்டரா, மஃப்டியா, வி.ஐ.பி. காவலா, எதுவா இருந்தாலும் இதே துப்பாக்கி. அளவு கேக்கிற பேச்சே கிடையாது.”

அந்தப் பிஸ்டலில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. இன்றைய பல பாலிமர் பிஸ்டல்களில் அந்த ஏற்பாடு இல்லை. மேகசினைக் கழற்றிவிட்டாலும் சேம்பருக்குள் ஒரு ரவுண்டு தங்கியிருந்தால் வெடிக்கும். பழைய பழக்கத்தோடு புதிய துப்பாக்கியைப் பிடிப்பவர்கள் இதை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்: முதலில் மேகசின், பிறகு ஸ்லைடை இழுத்துச் சேம்பர், பிறகு கண்ணால் பார்த்து விரலால் தொட்டு உறுதி. முழு அளவோ காம்பாக்டோ, வரிசை இதுதான். சின்னதாக, பொம்மைபோல இருப்பதாலேயே இதைத் தளர்த்துபவர்கள் உண்டு என்று அவர் கவலைப்பட்டார்.

அருங்காட்சியகத்தில் பெண் காவலர்களின் படங்களுக்கு முன்னால் எங்கள் பேச்சு இன்னொரு திசைக்குப் போனது. 1973-இல் தமிழ்நாடு காவல்துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2003-இல் பெண் கமாண்டோ படைப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால் கைத்துப்பாக்கி மட்டும் வெகுகாலம் ஆண் கையின் அளவுக்கே வந்துகொண்டிருந்தது. இரட்டை வரிசையில் ரவுண்டு அடுக்கும் மேகசின் கைப்பிடியைத் தடிமனாக்குகிறது. விரல் குட்டையாக இருந்தால், ட்ரிகரை எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் சுழல வேண்டியிருக்கும். அப்போது அழுத்தம் நேராகப் பின்னால் வராமல் ஓரமாக இழுக்கும். குண்டு ஒரு பக்கமாக விலகும். சுடத் தெரியவில்லை என்று அந்தக் காவலரைக் குறை சொல்லிவிடுவார்கள். குறை துப்பாக்கியின் அளவில் இருந்திருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். காம்பாக்ட் கொடுத்தால் சிறிய கைக்குச் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. கிளாக் 17-க்கும் 19-க்கும் கைப்பிடியின் உயரம்தான் வேறு. சுற்றளவு ஏறக்குறைய ஒன்றே. குட்டை விரலுக்குத் தேவை பின்பக்கப் பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதி. இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் அந்தப் பட்டைகள் இரண்டு மூன்று அளவுகளில் கூடவே வருகின்றன. அவை பெட்டியிலேயே கிடக்காமல் ஒவ்வொரு காவலரின் கையையும் அளந்து பொருத்தப்பட வேண்டும். பெரியவரின் சொல்லில்: “யூனிஃபார்ம் அளவெடுத்துத் தைக்கிறோம். ஷூவுக்கு நம்பர் கேக்கிறோம். துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கையப் பாக்க மாட்டேங்கிறோம்?”

அதே பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில்தான் சென்னை ரைபிள் கிளப் இயங்குகிறது. நடிகர் அஜித்குமார் இந்தக் கிளப்பின் சார்பில் 2021 மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றபோது, துப்பாக்கி சுடுதல் பக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களின் கவனம் திரும்பியது. விளையாட்டு உலகத்தில் அளவுப் பிரச்சினைக்குத் தெளிவான விடை உண்டு. 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளின் விதிகள் துப்பாக்கிக்கு மேல் எல்லை போடுகின்றன: எடை 1,400 கிராமுக்கு மேல் கூடாது, பேரல் 153 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, இரு குறிகளுக்கு இடையே 220 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. வீரர்கள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே போகிறார்கள். மறைக்கத் தேவையில்லாதபோது, கனமும் நீளமும் குறிக்கு உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே புதிதாகக் கற்பவர், அவர் நாளை எந்த அளவை ஏந்தப்போகிறார் என்றாலும், பெரியதில் தொடங்குவதே நல்லது. அடிப்படை கையில் ஏறிய பிறகு சின்னதுக்கு மாறலாம். திருப்பிச் செய்தால், எகிறலுக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் முதல் நாளிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வளாகத்தின் மர நிழலில் உட்கார்ந்து உலகம் இதை எப்படித் தீர்த்தது என்று பேசினோம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. முழு அளவுக்கு எம் 17, காம்பாக்டுக்கு எம் 18 என்று பெயர். தரைப்படை பெரியதைப் பிரதானமாக வைத்துக்கொண்டது. விமானப்படையும் மெரீன் படையும் சின்னதையே தங்கள் பொது ஆயுதமாக ஏற்றன. ஒரே நாடு, ஒரே துப்பாக்கி. பணி வேறு என்பதால் விடையும் வேறு. அந்தத் தேர்வுப் போட்டியில் தோற்ற கிளாக் நிறுவனம் தன் மாதிரியை 2018-இல் கிளாக் 19 எக்ஸ் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்லைடு சின்னதன் அளவு, கைப்பிடி பெரியதன் அளவு. வெளியே ஹோல்ஸ்டரில் வைத்து, வாகனத்தில் ஏறி இறங்கும் சீருடைக்காரருக்கு ஏற்றது. மஃப்டிக்காரருக்கு ஆகாது, அவர் மறைக்க வேண்டிய கைப்பிடி அதில் குறையவில்லை.

கிடங்குக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிளாக் 17-இன் நீண்ட மேகசின் 19-இல் பொருந்தும். 19-இன் குட்டை மேகசின் 17-இல் பொருந்தாது. இரண்டு அளவும் ஒரே குடும்பத்திலிருந்து வாங்கினால் பயிற்சி ஒன்று, உதிரிபாகம் பெரும்பாலும் ஒன்று, அவசரத்தில் பெரியது வைத்திருப்பவரிடமிருந்து சின்னது வைத்திருப்பவர் மேகசின் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் துப்பாக்கிகளைக் கலந்து வாங்கினால் அந்த வசதி போய்விடும். 2020-இன் இறுதியில் கிளாக் நிறுவனம் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இங்கேயே பிஸ்டல்கள் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. திருச்சியில் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. ஆயுதம் செய்யும் திறமை இந்த மண்ணில் புதிதில்லை. யாருக்கு எந்த அளவு என்று கேட்டு வாங்கும் பழக்கம்தான் இனி வளர வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள எந்த அளவு வாங்கலாம் என்று கேட்பவர்களும் உண்டு. சட்டம் அந்தக் கேள்வியைப் பெருமளவு சுருக்கிவிடுகிறது. 1959-இன் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 9 எம்.எம். பிஸ்டல் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் .32 அளவில் அரசுத் தொழிற்சாலைகளின் ரிவால்வரையோ பிஸ்டலையோ வாங்குகிறார்கள். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்தால் பொதுவாகத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுப்பாடுகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பிள்ளைகள் ஓடியாடும் இரண்டு அறை வீட்டில் பூட்டிவைக்க இடம் இல்லாத ஆயுதம், எந்த அளவில் இருந்தாலும், அந்த வீட்டுக்கே அபாயம்.

மாலையில் திரும்பும்போது புரசைவாக்கம், பெரம்பூர் வழியாக வந்தோம். பெரம்பூரில் 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் கே. ஆம்ஸ்ட்ராங் கொலை செய்யப்பட்டார். ஜூலை 14 அதிகாலையில், அந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் மாதவரம் பகுதியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். கைத்துப்பாக்கியைப் பற்றி இந்த வட்டாரத்தில் எழுதும் ஒருவர் இதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மரணம் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பி.யு.சி.எல்.) வழக்கில் நெறிமுறைகள் வகுத்தது. தனி விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை, சுட்ட அதிகாரியின் ஆயுதத்தைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைத்தல் எல்லாம் அதில் உண்டு.

ஆர்மரரின் வேலை எத்தனை பெரியது என்று அந்த நெறிமுறையைப் படிக்கும்போதுதான் விளங்குகிறது. எந்த எண் துப்பாக்கி, எந்த நாள், யார் கையெழுத்துப் போட்டு எடுத்தார், எத்தனை ரவுண்டு போனது, எத்தனை திரும்பியது. கிடங்குப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் நாளை ஒரு நீதிபதியின் மேசைக்குப் போகக்கூடும். வாசலில் நிற்பவரின் பெரிய துப்பாக்கியை ஊரே பார்க்கிறது. ஊரின் கண்ணே அதற்கு ஒரு கட்டுப்பாடு. சட்டைக்குள் இருக்கும் சின்னத் துப்பாக்கியை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே பதிவேடும் பயிற்சியும் விசாரணையும் அதன் மீதுதான் கூடுதலாக விழ வேண்டும்.

பெரியவரிடம் கடைசியாகக் கேட்டேன்: “ஐயா, நாளைக்கு உங்ககிட்ட வாங்கும் அதிகாரத்தைக் கொடுத்தா எதை வாங்குவீங்க?”

யோசிக்கவே இல்லை. “ரெண்டும் வாங்குவேன், ஒரே குடும்பத்துல. வாசல்ல நிக்கிறவருக்கும் ரோந்து போறவருக்கும் பெருசு. மஃப்டிக்குச் சின்னது. சின்னது வாங்கினவங்க எல்லாரும் பெருசு வச்சிருக்கிறவங்களைவிட அதிக ரவுண்டு பயிற்சி பண்ணணும். அதுக்குப் பணம் இல்லன்னா சின்னது வேண்டாம்.”

நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். பணி வெளிச்சத்தில் நடக்குமானால் முழு அளவு. பணி மறைவில் நடக்குமானால் காம்பாக்ட். இரண்டிலும் கையை அளந்து பட்டை பொருத்த வேண்டும். உப்புக் காற்றுக்கு ஏற்ற பராமரிப்பு வேண்டும். ரேஞ்சில் செலவழிக்க ரவுண்டுகள் வேண்டும். டெண்டர் போடும் அறையில் விலைப்பட்டியலுக்கு முன்னால் பணிப்பட்டியல் மேசைக்கு வரட்டும். ஆண்டுதோறும் பயிற்சி ரவுண்டுகளுக்கான தொகையும் அதே கோப்பில் ஒப்புதல் பெறட்டும். அந்தத் தொகை இல்லாமல் வாங்கப்படும் எந்தத் துப்பாக்கியும், அளவு எதுவாக இருந்தாலும், நம் தெருக்களுக்குப் பொருந்தாத துப்பாக்கிதான்.